வாசிப்பா, மொழியா? உயர்நிலைப் பள்ளி ஆங்கிலத் தேர்வும் தமிழாய்வின் கடமையும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு முடிக்கும் மாணவரின் ஆங்கில வாசிப்பு, எழுத்துத் திறன் குறைவாக உள்ளது என்னும் கருத்து பொதுவெளியில் நிலைபெற்றுள்ளது. அக்குறை ஆங்கில மொழியறிவின் குறையா, எம்மொழியிலும் ஒரு பனுவலைப் புரிந்து படிக்கும் பயிற்சியின் குறையா என்பதை இன்றைய பொதுத்தேர்வால் பிரித்தறிய இயலாது. சீன மேல்நிலைப் பள்ளி ஆங்கிலத் தேர்வில் வாசிப்பையும் எழுத்தையும் இணைத்து அளக்கும் முறை, அதன் பயனும் வரம்பும், இலங்கையின் தேர்வுச் சீர்திருத்தம் தந்த பாடம் ஆகியவற்றை இக்கட்டுரை கருதிப் பார்க்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே கட்டமைப்பில் அமைந்த இணைத்தேர்வு தேவை என்றும், அதற்குரிய பனுவல்களைத் தரப்படுத்தும் பொறுப்பு தமிழ்த்துறைகளுக்கு உரியது என்றும் இது வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: வாசிப்புத்திறன், எழுத்துத்திறன், தேர்வின் பின்விளைவு, இணைத்தேர்வு, பனுவல் தரப்படுத்தம், வடக்குப்பட்டு

முன்னுரை

காஞ்சிபுரம் மாவட்டத்தின் வடக்குப்பட்டு இரு வகையில் அறியப்படும் ஊர். 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு மேற்கொண்டு கற்காலக் கருவிகளை வெளிக்கொணர்ந்த ஊர் என்பது ஒன்று. திருப்பெரும்புதூர் - ஒரகடம் தொழில் வழித்தடத்தை ஒட்டிய ஊர் என்பது மற்றொன்று. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது முதல் இப்பகுதியில் கொரிய, சப்பானிய, ஐரோப்பிய, தைவானிய நிறுவனங்களின் ஆலைகள் பெருகியுள்ளன. 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்குரிய குடியிருப்பு வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இவ்வளவு பெரிய உற்பத்திக் களத்தின் அருகே பயிலும் ஒரு மாணவர் பத்தாம் வகுப்புக்குப் பின் தொழிற்பயிற்சி நிலையத்தையோ பல்தொழில்நுட்பக் கல்லூரியையோ ஆலையையோ நாடிச் செல்வது இயல்பு. அங்கு அவர் எதிர்கொள்ளும் பனுவல்கள் மூவகையின: வேலைமுறைக் குறிப்பு, எச்சரிக்கை அறிவிப்பு, பணி ஒப்பந்தம். இவற்றைப் புரிந்து படிக்க இயலாதவருக்கு நேரும் இழப்பு மதிப்பெண் இழப்பு மட்டுமாக நிற்பதில்லை. உடலுக்கும் ஊதியத்துக்கும் உரிமைக்கும் நேரும் இழப்பாக அது முடியக்கூடும்.

இந்நிலைக்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம் 'ஆங்கிலம் போதவில்லை' என்பதே. அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் விரிவாக்கப்பட்டமைக்கும், ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்குத் தரப்படும் முதன்மைக்கும் இக்கருத்தே அடிப்படை. நோயைக் கண்டறியாமல் மருந்து தரும் செயல் இது. கண்டறிவதற்குரிய கருவி தேர்வு. அக்கருவி தன் பணியைச் செய்கிறதா என்பதே இங்கு எழும் வினா.

பொதுத்தேர்வு எதை அளக்கிறது?

பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு முன்பு இரு தாள்கள் இருந்தன. 2019-20 கல்வியாண்டு முதல் 100 மதிப்பெண்ணுக்கு ஒரே தாள் நடைமுறையில் உள்ளது. தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் வேண்டும். தாளின் அமைப்பைக் குறை கூறுவோர் அதன் நல்ல கூறுகளையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடிதம், அறிவிப்பு, விளம்பரம், படம் பார்த்து எழுதுதல், பாடநூலில் இல்லாத பத்தியைப் படித்து விடையளித்தல் ஆகியன அதில் இடம்பெறுகின்றன. தமிழ்த் தாளிலும் காட்சியைக் கண்டு எழுதும் பகுதி உண்டு.

ஆயினும் இத்தகைய வினாக்களுக்கு நேர்ந்துள்ள நிலை கவனத்துக்குரியது. கடிதத்தின் முன்வடிவம் மனப்பாடமாகிறது. அறிவிப்பின் சொற்கள் மனப்பாடமாகின்றன. படத்துக்குரிய ஐந்து வாக்கியங்கள் எப்படத்துக்கும் பொருந்தும் வகையில் ஆக்கித் தரப்படுகின்றன. உரைநடைப் பத்தி வினாவுக்குரிய விடை உரைநூலிலிருந்து வருகிறது. இவற்றுடன் மனப்பாடப் பாடலும் பாடநூல் இலக்கணப் பயிற்சியும் சேரும்போது, முன்பு கண்டிராத ஒரு பத்தியைப் புரிந்துகொள்ளாத மாணவரும் 35 மதிப்பெண்ணை எட்டிவிட வழி ஏற்படுகிறது. 2024இல் 91.55 விழுக்காட்டினரும் 2025இல் 93.80 விழுக்காட்டினரும் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றனர். மாணவர் பள்ளியில் நிலைத்தனர் என்பதற்கு இவ்வெண்கள் நல்ல சான்று. அவர்கள் வாசிக்கின்றனர் என்பதற்கு இவற்றைச் சான்றாகக் கொள்ள இயலாது. அளவீட்டியலார் 'ஏற்புடைமை' என்று கூறுவது இதையே: ஒரு தேர்வு எதை அளப்பதாகக் கூறுகிறதோ அதை அளக்க வேண்டும்.

சீனத்தில் 'படித்துத் தொடர்ந்து எழுதுதல்'

மனப்பாடத்தையும் தேர்வையும் பிரிக்க இயலாத நாடு என்று பெரும்பாலோர் கருதும் சீனத்திலேயே இச்சிக்கலுக்கு ஒரு விடை தேடப்பட்டது. அந்நாட்டின் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு காவோகாவோ எனப்படும். அதில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். நெடுங்காலம் வாசிப்பு ஒரு பகுதியாகவும் எழுத்து மற்றொரு பகுதியாகவும் தனித்தனியே சோதிக்கப்பட்டன. குவாங்தொங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்தின் வாங் சுமிங் இப்பிரிப்பை மறுத்தார். மொழியைக் கற்பவர் தாம் படிப்பதோடு இணங்கி எழுதும்போதே மொழி வளர்கிறது என்பது அவர் கொள்கை. அதன் வழியே 2016இல் செஜியாங் மாகாணத் தேர்வில் 'படித்துத் தொடர்ந்து எழுதுதல்' என்னும் வினாவகை அறிமுகமாகி, பின்னர் வேறு மாகாணங்களுக்கான தாள்களிலும் இடம்பெற்றது.

இவ்வினாவின் அமைப்பு எளிது. ஏறத்தாழ 350 சொற்கள் கொண்ட முற்றுப்பெறாத கதை தரப்படும். அடுத்துவரும் இரு பத்திகளின் தொடக்க வாக்கியங்களும் தரப்படும். மாணவர் ஏறத்தாழ 150 சொற்களில் கதையைத் தொடர்ந்து முடிக்க வேண்டும். இதற்கு 25 மதிப்பெண். கதையில் வரும் மாந்தர் யாவர், அவர்தம் நோக்கம் யாது, எந்தச் சிறு செய்தி பின்னர்ப் பயன்படும் என்பனவற்றை அறியாதவர் தொடர்ந்து எழுத இயலாது. வாசித்ததற்கான சான்று எழுத்திலேயே வெளிப்படுகிறது.

தமிழ் மரபுக்கு இம்முறை முற்றிலும் அயலானதன்று. இரட்டைப் புலவருள் ஒருவர் வெண்பாவின் முற்பாதியைப் பாட, மற்றவர் பிற்பாதியைப் பாடி முடித்தனர் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. ஈற்றடி தந்து பாடச் சொல்லும் அவை வழக்கமும் தமிழறிஞர் அறிந்ததே. கொடுத்த பகுதியின் பொருளையும் ஓசையையும் உள்வாங்கியவரே எஞ்சிய பகுதியை நிறைவு செய்ய இயலும் என்னும் நுட்பம் இரண்டிலும் பொது.

தேர்வு மாறினால் வகுப்பறை மாறுமா?

வினாவகையை மாற்றினால் கற்பித்தல் தானே மாறிவிடும் என்னும் நம்பிக்கைக்குச் சான்றுகள் தடை விதிக்கின்றன. காவோகாவோ ஆங்கிலத் தேர்வைப் பற்றிச் சி லூஷ்யா 2005இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. மொழியறிவைக் காட்டிலும் மொழிப் பயன்பாட்டை வகுப்பறையில் வளர்க்கும் நோக்குடன் அத்தேர்வு வடிவமைக்கப்பட்டிருந்தும் அந்நோக்கம் பெரிதும் நிறைவேறவில்லை என்று அவர் காட்டினார். ஒரே தேர்வு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் வாயிலாகவும் கற்பித்தலை வழிநடத்தும் கருவியாகவும் இருக்க வேண்டியிருந்தது. வாயிற்பணி வழிநடத்தும் பணியை விழுங்கிவிட்டது. தொடர்ந்தெழுதும் வினாவுக்கும் ஆயத்தத் தொடர்களை மனப்பாடம் செய்து எங்கும் பொருத்தும் பழக்கம் அந்நாட்டில் எழுந்துள்ளமை இதனை உறுதிப்படுத்துகிறது.

இலங்கையின் பட்டறிவு தமிழுலகுக்கு இன்னும் நெருக்கமானது. அங்குச் சாதாரண தர ஆங்கிலத் தேர்வு புதிய பாடநூல்களுக்கு ஏற்ப 1988இல் மாற்றப்பட்டது. சிங்கள மாணவருக்கும் தமிழ் மாணவருக்கும் பொதுவான அத்தேர்வு வாசிப்பையும் எழுத்தையும் மட்டுமே சோதித்தது. டயான் வாலும் சார்லஸ் ஆல்டர்சனும் பள்ளிகளில் நேரடியாக வகுப்புகளை நோக்கி ஆராய்ந்து 1993இல் முடிவுகளை வெளியிட்டனர். தேர்வு, கற்பிக்கப்படும் பொருளை மாற்றியது. கற்பிக்கும் முறையை மாற்றவில்லை. புதிய பாடநூல் எதை நோக்கமாகக் கொண்டது என்பதை ஆசிரியர் பலர் அறிய வாய்ப்பு அமையவில்லை என்பது ஒரு காரணம்.

இவ்விரு சான்றுகளும் சேர்ந்து உணர்த்துவது ஒன்று உண்டு. புதிய வினாவகையை நேரடியாகப் பொதுத்தேர்வில் புகுத்தினால் அது ஓராண்டில் உரைநூலாகிவிடும். மாணவரின் எதிர்காலத்தை முடிவு செய்யாத தேர்வில் அது முதலில் பயன்பட வேண்டும்.

வாசிப்புக் குறையா, மொழிக் குறையா?

அயல்மொழியில் வாசிக்க இடர்ப்படுவது வாசிப்புச் சிக்கலா, மொழிச் சிக்கலா என்னும் வினாவை ஆல்டர்சன் 1984இலேயே எழுப்பினார். இரண்டும் கலந்துள்ளன என்பதும், அயல்மொழியில் தொடக்க நிலையில் உள்ளோருக்கு மொழிக்குறையே மிகுதியாகத் தடையாகிறது என்பதும் அவர் கண்ட முடிவு. மறுபுறம், ஜிம் கம்மின்ஸ் 1979இல் முன்வைத்த கருதுகோள், முதன்மொழியில் பெற்ற வாசிப்புத்திறன் இரண்டாம் மொழிக்குக் கடந்து செல்லும் என்கிறது. இவ்விரு கருத்துகளும் ஒன்றை ஒன்று மறுப்பன அல்ல. ஒரு குறிப்பிட்ட மாணவரிடம் எத்தடை மேலோங்கி உள்ளது என்பதை இரு மொழிகளிலும் சோதிக்காமல் எவரும் கூற இயலாது என்பதே இவற்றின் பயன்.

தமிழ்நாட்டைப் பற்றிய சான்று ஒன்று இங்கு நினைவுகூரத்தக்கது. 15 வயது மாணவருக்கான பன்னாட்டு மதிப்பீடான பிசாவின் 2009 சுற்றின் தொடர்ச்சியில் தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றன. முடிவுகள் 2011 இறுதியில் வெளிவந்தன. தமிழ்நாட்டின் வாசிப்பு மதிப்பு 337. அச்சுற்றில் முதலிடம் பெற்ற சாங்காயின் மதிப்பு 556. வாசிப்பில் அடிப்படை நிலையை எட்டிய தமிழ்நாட்டு மாணவர் 17 விழுக்காட்டினரே. சாங்காய் சீனத்தின் வளம் மிக்க ஒரு நகரம். அதை ஒரு மாநிலத்தோடு ஒப்பிடுவது முழு நேர்மையாகாது. காலமும் கடந்துவிட்டது. எனினும் பிசா ஆங்கிலத்தை அளப்பதன்று. பள்ளியின் பயிற்றுமொழியில் நிகழ்வது. எனவே அன்று வெளிப்பட்ட குறையை ஆங்கிலத்தின் மீது சுமத்த இயலாது. இந்தியா அடுத்த சுற்றில் பங்கேற்பதைத் தவிர்த்தது. குறை எங்குள்ளது என்று தேடும் வாய்ப்பும் அத்துடன் கைவிடப்பட்டது.

14 முதல் 18 வயது வரையுள்ளோரிடம் நாட்டின் சில மாவட்டங்களில் நடத்தப்பட்ட 2023ஆம் ஆண்டு ஏசர் ஆய்வும் இதையொட்டியே பேசுகிறது. வட்டார மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றிப் படிக்க இயலாதோர் ஏறத்தாழ 25 விழுக்காட்டினர். ஆங்கில வாக்கியத்தைப் படிக்க இயன்றோர் 57.3 விழுக்காட்டினர், அவருள்ளும் நான்கில் ஒரு பங்கினரால் தாம் படித்த வாக்கியத்தின் பொருளைக் கூற இயலவில்லை. ஒலிப்பதும் வாசிப்பதும் வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

இணைத்தேர்வு: ஒரு முன்மொழிவு

2025இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தொடங்கிய 'திறன்' இயக்கம் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளில் தமிழ், ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றின் அடிப்படைத் திறன்களில் பின்தங்கியோரைக் கண்டறிந்து பயிற்சி தருகிறது. இரு மொழிகளையும் ஒருங்கே நோக்கியமையால் அது வரவேற்கத்தக்கது. அடிப்படை நிலைக்கு மேலே, ஒன்பதாம் வகுப்பில் அதே நோக்கு தொடர வேண்டும்.

இக்கட்டுரை முன்மொழியும் இணைத்தேர்வில் முற்றுப்பெறாத பனுவல்கள் இரண்டு இருக்கும்: தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. அவை ஒன்றன் மொழிபெயர்ப்பாக மற்றொன்று அமைதல் கூடாது. வகையும் கட்டமைப்பும் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் பொருள் உணர்ந்தமையைச் சோதிக்கும் சில வினாக்களும், தொடர்ந்து எழுதும் ஒரு பகுதியும் இடம்பெறும். வகுப்பில் பாதிப்பேர் தமிழை முதலிலும் பாதிப்பேர் ஆங்கிலத்தை முதலிலும் எழுதினால் முன்பயிற்சியின் தாக்கம் சமனாகும். மதிப்பெண் எதிலும் சேராது. வடக்குப்பட்டைச் சூழ்ந்த தொழில் வழித்தடப் பள்ளிகள் இதன் முதற்களமாகலாம்.

முடிவுகள் மாணவரை நால்வகையாகப் பிரித்துக் காட்டும். இரண்டிலும் தேர்ந்தவருக்கு இன்னும் கடினமான பனுவல் வேண்டும். தமிழில் தேர்ந்து ஆங்கிலத்தில் இடர்ப்படுபவருக்கு ஆங்கிலச் சொல்வளமும் தொடரமைப்பும் வேண்டும். இரண்டிலும் இடர்ப்படுபவருக்கு முதலில் தமிழில் வாசிப்புப் பயிற்சி வேண்டும்; அவரை ஆங்கிலவழிக்கு மாற்றுவது குறையை இரட்டிப்பாக்கும். ஆங்கிலத்தில் தேர்ந்து தமிழில் இடர்ப்படுபவர் தமிழ்க்கல்வி கவனிக்கத் தவறியவர். இன்றைய மதிப்பெண் பட்டியலில் இரண்டாம் வகையினரும் மூன்றாம் வகையினரும் ஒரே எண்ணைப் பெற்று நிற்கக்கூடும். இருவருக்கும் ஒரே சிறப்பு வகுப்பு நடத்தப்படும். ஒருவருக்கு அது பயன்படும், மற்றவருக்குப் பயன்படாது.

தொழில் வழித்தடத்தில் குடியேறிய இந்தி, ஒடியா, வங்காளத் தொழிலாளரின் பிள்ளைகள் இவ்வகைப்பாட்டில் அடங்கார். அவர்களுக்குத் தமிழும் கற்கும் மொழியே. அவர்தம் முடிவுகளைத் தனியே தொகுப்பதும், இயலுமிடத்து வீட்டுமொழியில் வாசிப்பைச் சோதிப்பதும் நேர்மையான மதிப்பீட்டுக்கு இன்றியமையாதன.

தமிழ்த்துறைகளின் பணி

இம்முன்மொழிவின் கடினமான பகுதி ஆங்கிலத்தில் இல்லை, தமிழில் உள்ளது. ஆங்கிலப் பனுவலின் கடினத்தை மதிப்பிடப் பல பத்தாண்டுகளாக வாய்பாடுகள் உள்ளன. 1948இல் பிளெஷ் அமைத்த வாய்பாடு வாக்கியத்தின் சொல் எண்ணிக்கையையும் சொல்லின் அசை எண்ணிக்கையையும் கொண்டு கணிக்கிறது. ஒட்டுநிலை மொழியாகிய தமிழுக்கு அது பொருந்தாது. 'வந்துகொண்டிருந்தவர்களுக்காகவும்' என்பது ஒரே சொல்லாக எழுதப்படுகிறது. அசைக் கணக்கில் அது மிகக் கடினமாகத் தோன்றினாலும் பேச்சில் அதன் கூறுகள் அனைத்தையும் மாணவர் அறிவார். 'ஞெகிழி' என்பது குறுஞ்சொல். ஆனால் உரையின்றி விளங்காது. புணர்ச்சியால் மறையும் சொல்லெல்லை, தொகைத்தொடர், வினையெச்ச அடுக்கு, எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் இடையிலுள்ள தொலைவு ஆகியவை தமிழ்ப் பனுவலைக் கடினமாக்கும் கூறுகள். இவற்றுள் எது எவ்வகுப்பு மாணவரை எந்த அளவு தடுக்கிறது என்பதைக் கண்டறிவது இலக்கணமும் மொழியியலும் பயின்றோர் செய்யத்தக்க ஆய்வு. வகுப்புவாரியாகத் தரப்படுத்தப்பட்ட தமிழ்ப் பனுவல் தொகுதி ஒன்று உருவானால் அது இணைத்தேர்வுக்கு மட்டுமன்றிப் பாடநூலாக்கத்துக்கும் பயன்படும்.

மறுப்புகளும் விடைகளும்

தொடர்ந்தெழுதிய விடைகளை ஒரே அளவுகோலால் மதிப்பிட இயலாது என்பது முதல் மறுப்பு. ஏறத்தாழ 9 லட்சம் பேர் எழுதும் பொதுத்தேர்வைக் கருதினால் இது வலிய மறுப்பே. அதனால்தான் இணைத்தேர்வு பொதுத்தேர்வுக்கு வெளியே தொடங்க வேண்டும் என்று கூறப்பட்டது. மூலக் கதையோடு இயைபு, அதன் செய்திகளைப் பயன்படுத்திய அளவு, மொழித்தெளிவு என்னும் மூன்று அளவுகோல்களைக் கொண்டு இருவர் தனித்தனியே மதிப்பிட்டு ஒப்பிடும் நடைமுறை, நம்பகத்தை வளர்க்கும் பயிற்சியாகவும் அமையும்.

முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்தவருக்கு மனப்பாட மதிப்பெண்ணே ஏணி. அதை அகற்றுவது நீதியன்று என்பது இரண்டாம் மறுப்பு. இதன் அறநிலை மறுக்கத்தக்கதன்று. எனினும் ஏணி ஏற்றிவிட்ட இடத்தில் பிடித்து நிற்க ஒன்றும் இல்லையெனில் அந்நீதி அரைகுறை நீதியே. நன்னூல் பாடம் போற்றுவதை மாணாக்கர் கடனாகக் கூறுகிறது; கேட்டவற்றை நினைத்தல், உடன்பயில்வாரோடு பழகுதல், வினாவுதல், வினாவியவற்றுக்கு விடை கூறுதல் ஆகியவற்றையும் அதனோடு சேர்த்தே கூறுகிறது. மனப்பாடம் அவற்றுள் ஒரு படி. இன்றைய தேர்வு அந்த ஒரு படியையே மாடியாகக் கருதுகிறது.

ஆங்கிலத் தேர்வு தமிழ்த்துறையின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்பது மூன்றாம் மறுப்பு. ஆங்கிலத் தாளில் வெளிப்படும் குறையின் ஒரு பகுதி தமிழ் வாசிப்பில் வேர்கொண்டிருக்கக்கூடும் என்பது ஏற்கப்படின் இவ்வெல்லை நிலைக்காது.

முடிவுரை

வாசிப்பையும் எழுத்தையும் இணைத்து அளக்கலாம் என்பதைச் சீனத் தேர்வு காட்டியது. தேர்வை மட்டும் மாற்றுவது போதாது என்பதைச் சீனமும் இலங்கையும் சேர்ந்து காட்டின. ஒரு மொழியில் மட்டும் சோதித்துக் குறையின் காரணத்தைக் கூற இயலாது என்பதை வாசிப்பு ஆய்வுகள் காட்டுகின்றன. இம்மூன்றையும் கருதும்போது, ஆங்கிலவழிப் பிரிவுகளைப் பெருக்குவதற்கு முன் இணைத்தேர்வை நடத்துவதே முறை. அதற்குத் தேவையான தரப்படுத்தப்பட்ட தமிழ்ப் பனுவல்கள் இன்று இல்லை. அவற்றை ஆக்கித் தருமாறு எந்த அரசாணையும் தமிழ்த்துறைகளைக் கேட்கப் போவதில்லை. ஆய்வுத் தலைப்பு தேடும் ஒவ்வோர் ஆண்டின் முனைவர் பட்ட மாணவருள் சிலரேனும் இப்பணியை மேற்கொள்ளுமாறு நெறியாளர்கள் வழிகாட்டலாம். 'ஆங்கிலம் 36' என்னும் எண்ணோடு பள்ளியை விட்டு ஆலை வாயிலுக்குச் செல்லும் மாணவருக்குத் தம்மிடம் இல்லாதது எது என்று அறியும் உரிமை உண்டு.